ஊசிப்புல் முற்றும் முன்

செப்டம்பர் கடைசியில் மழை விட்டது. விட்ட மறுநாள் காலையிலேயே ஜான்சி ரப்பர் பூட்ஸை மாட்டிக்கொண்டு புல்வெளிக்குள் இறங்கினாள். புல் அவள் இடுப்புவரை நின்றது. ஒரு கதிரைப் பறித்து நகத்தால் கீறிப் பார்த்தாள். உள்ளே பால் இருந்தது. அடுத்ததையும் கீறினாள். பத்துப் பன்னிரண்டு கதிர் பார்த்த பிறகும் மனம் அடங்கவில்லை. இருபது நாள். மிஞ்சிப் போனால் இருபத்தைந்து. அதற்குள் அறுபது ஏக்கரையும் அறுத்தாக வேண்டும்.

புனேவுக்குப் பக்கத்தில், தளேகாவ் ரயில் நிலையத்திலிருந்து எட்டுக் கிலோமீட்டர் உள்ளே, குன்றுச் சரிவை ஒட்டி இருந்தது அந்தப் பால் பண்ணை. தொண்ணூறு மாடுகள். ஜான்சி அங்கே தீவனப் பொறுப்பாளர். தேஹு ரோட்டில் பிறந்து வளர்ந்தவள். அவள் அப்பா அங்கே ராணுவக் கிடங்கில் வேலை பார்த்தவர். பண்ணையின் ஆபீஸில் டைப் அடிக்கத்தான் சேர்ந்தாள். ஒன்பது வருடத்தில் ஒருவர் பின் ஒருவராக ஆட்கள் விலகிப் போக, புல்லும் வைக்கோலும் அவள் தலையில் வந்து உட்கார்ந்துவிட்டன.

அந்த வெளியில் பாதிக்கு மேல் ஊசிப்புல். பச்சையாக இருக்கும்வரை நல்ல தீவனம். முற்றிவிட்டால் கதிரில் உள்ள ஒவ்வொரு விதையும் ஊசியாகிவிடும். மாட்டின் நாக்குக்கு அடியிலும் ஈறிலும் குத்தி உள்ளே போகும். போன வருடம் அறுப்பு டிசம்பர்வரை இழுத்துவிட்டது. மாடுகள் வாயில் நுரையோடு தீவனத் தொட்டியை விட்டு விலகி நின்றன. டாக்டர் இடுக்கியால் ஒவ்வொரு ஊசியாக உருவ, மாட்டின் தாடையை விரித்துப் பிடித்துக்கொண்டு நின்றவள் ஜான்சிதான். அந்த வாடை அவள் கையை விட்டுப் போக இரண்டு நாளானது.

இந்த 2003இல் நிலைமை இன்னும் மோசம். முன்பெல்லாம் சுற்றியுள்ள கிராமங்களிலிருந்து நாற்பது பெண்கள் அரிவாளோடு வருவார்கள். இப்போது தளேகாவ் தொழிற்பேட்டையில் புதுப்புதுக் கம்பெனிகள். பெட்டி ஒட்டுவதும் லேபிள் ஒட்டுவதும் வெயில் படாத வேலை. இந்த முறை வந்தது பதினோரு பேர். அவர்களுக்குத் தலைவி பார்வதி. ஐம்பதைத் தாண்டியவள், மெலிந்த தேகம், ஒரு வார்த்தை கூடுதலாகப் பேசாதவள். எல்லோருக்கும் அவள் மவுஷி. மராத்தியில் சித்தி.

பண்ணையின் முதலாளி தாமலே புனே நகரத்தில் இருந்தார். ஞாயிற்றுக்கிழமைகளில் காரில் வந்து சுற்றிப் பார்த்துவிட்டுப் போவார். இந்த முறை ஜான்சி கேட்கும் முன்பே அவரே சொன்னார்: "ட்ராக்டர்ல மாட்டுற மெஷின் ஒண்ணு வாங்கிடலாம். எதுன்னு பாத்து வை."

அன்றிலிருந்து அவளுக்கு உட்கார முடியவில்லை. மறுநாள் ட்ராக்டர் டிரைவர் காசிமைக் கூட்டிக்கொண்டு மார்க்கெட் யார்டில் இருந்த விவசாயக் கருவிக் கடைக்குப் போனாள். காசிமுக்கு ஐம்பத்து மூன்று வயது. பூர்வீகம் வாணியம்பாடி, பிழைப்பு தேஹு ரோட். அவள் அப்பாவோடு பழகியவர். பண்ணையில் தமிழ் பேச அவளுக்கு இருந்தது அவர் ஒருவர்தான்.

கடைக்காரர் மூன்று மெஷினைக் காட்டினார். முதலாவது ஸ்லாஷர். இரும்பு மூடிக்கு அடியில் இரண்டு கத்திகள் காற்றாடி மாதிரி சுழலும். புல், புதர், முள் எது வந்தாலும் அடித்து நொறுக்கும். இரண்டாவது கட்டர் பார். ட்ராக்டரின் பக்கவாட்டில் ஆறடி நீளத்துக்குத் தரையோடு நீட்டிக்கொண்டு, வரிசையாகப் பல் வைத்த பிளேடு முன்னும் பின்னும் ஓடும். முடி வெட்டும் மெஷின் மாதிரி புல்லை அடியில் அறுத்து அப்படியே சாய்க்கும். மூன்றாவது வெளிநாட்டு டிஸ்க் மோவர், யாரோ இரண்டு வருடம் ஓட்டியது.

"இது நம்ம வண்டிக்கு ஆகாது," என்றார் காசிம், மூன்றாவதைச் சுற்றி வந்து. "நம்மளது முப்பத்தஞ்சு எச்.பி. தூக்கவே திணறும்."

"மத்த ரெண்டுல எது பாய்?"

"ஸ்லாஷர் ஓட்டுறதுக்கு ஆராம், அலுப்பில்ல. கட்டர் பார்னா நின்னு நின்னு போவணும். கல்லு பட்டா பல்லு ஒடையும். ஆனா புல்லு முழுசாக் கெடைக்கும்."

"நம்ம நெலத்துல கல்லு இருக்கே."

"கல்லுதான் இருக்கு. நடுவுல கொஞ்சம் நெலம் இருக்கு."

அவள் சிரிக்கவில்லை. கடை வாசலுக்கும் உள்ளுக்குமாக நடந்தாள். கட்டர் பாரின் ஒரு பல்லை விரலால் தடவிப் பார்த்தாள். பிறகு ஸ்லாஷரின் மூடிக்கடியில் குனிந்து பார்த்தாள். "ரெண்டையும் எங்க நெலத்துல ஓட்டிக் காட்ட முடியுமா?" என்று கேட்டாள். ஸ்லாஷரை மட்டும் அனுப்புவதாகக் கடைக்காரர் ஒப்புக்கொண்டார்.

வியாழக்கிழமை ஸ்லாஷர் வந்தது. காசிம் அதை மாட்டி, ட்ராக்டரைப் புல்லுக்குள் விட்டார். சத்தம் குன்றில் மோதித் திரும்பியது. கால் மணி நேரத்தில் அரை ஏக்கர் வழித்துவிட்டது. பார்த்துக்கொண்டிருந்த கடை ஆள் ஜான்சியைத் திரும்பிப் பார்த்துத் தலையை ஆட்டினார். அவள் குனிந்து ஒரு கைப்பிடி அள்ளினாள். விரல் நீளத்துக்கு நறுக்கிய துண்டுகள், மண்ணோடு கலந்து. இதை வாரவும் முடியாது, கட்டவும் முடியாது, காயவைத்தால் பாதி காற்றில் போகும். ஒரு கூடை அள்ளி மாட்டுக்குப் போட்டுப் பார்த்தாள். மாடு முகர்ந்து, தும்மி, முகத்தைத் திருப்பிக்கொண்டது.

இரண்டாவது சுற்றில் டங்கென்று ஒரு சத்தம். வேலமரத்தடியில் பெண்களுக்காக வைத்திருந்த தண்ணீர் டிரம் ஆடியது. பக்கவாட்டில் முஷ்டி அளவுக்கு நசுங்கி, விரிசலிலிருந்து தண்ணீர் வழிந்தது. டிரம்முக்கு நான்கடி தள்ளிப் பதினோரு பேரும் உட்கார்ந்து ரொட்டி தின்றுகொண்டிருந்தார்கள். கல் எங்கிருந்து வந்தது என்று அவர்களுக்கு முதலில் புரியவில்லை. பிறகு ஒருத்தி சிரித்தாள். மற்றவர்களும் சிரித்தார்கள். பார்வதி மட்டும் ரொட்டியை மடித்துத் துணியில் வைத்துவிட்டு, எல்லோரையும் எழுப்பி மரத்துக்குப் பின்னால் கூட்டிக்கொண்டு போனாள்.

ஜான்சி டிரம்மிலிருந்து ட்ராக்டர்வரை அடி வைத்து அளந்தாள். எழுபது அடி. திரும்பவும் அளந்தாள்.

மாலையில் ஆபீஸ் போன் அடித்தது. தாமலே. "மெஷின் நல்லா அடிக்குதுன்னு கடைக்காரர் சொன்னார். என் நண்பர் பண்ணையிலும் அதுதான். நான் ஆர்டர் சொல்லிட்டேன். சனிக்கிழமை டெம்போ வரும்."

"சாஹேப், புல்லு தூளாகுது. கல்லு வேற பறக்குது."

"ஆளைத் தள்ளி நிக்கச் சொல்லு. நாள் போகுதுன்னு நீதானே சொன்னே?"

அவர் வைத்துவிட்டார். நாள் போவது உண்மைதான். வெளியே வந்து ஒரு கதிரைப் பறித்துக் கீறினாள். பால் கெட்டியாகத் தொடங்கியிருந்தது.

வீடு திரும்பும் லோக்கல் ரயிலில் இடம் இருந்தும் அவள் உட்காரவில்லை. வாசல் கம்பியைப் பிடித்தபடி நின்றாள். கட்டர் பார் வாங்கினால் கல்லைப் பொறுக்கியாக வேண்டும். அறுபது ஏக்கரில் எந்தக் கல் எங்கே இருக்கிறது என்று யாருக்குத் தெரியும்? அவளுக்குத் தெரியாது, காசிமுக்கும் தெரியாது. வருடா வருடம் குனிந்து அரிவாள் போட்டவர்களுக்குத்தான் தெரியும்.

காலையில் பண்ணையில் இறங்கியதும் நேரே பார்வதியிடம் போனாள். பார்வதி கடைசிவரை கேட்டாள். பிறகு மராத்தியில் மெதுவாகச் சொன்னாள்: "எங்க வேலையைத் தின்ன மெஷின் வருது. அதுக்குப் பல்லு வலிக்காம நாங்க கல்லு பொறுக்கித் தரணும். அதானே மேடம்?"

ஜான்சி அவள் எதிரில் குந்தினாள். "ஸ்லாஷர் வந்தா உங்களுக்கு ஒரு வேலையும் இருக்காது மவுஷி. இது வந்தா புல்லு முழுசா விழும். அதை வாரணும், புரட்டணும், கட்டணும், வைக்கப்போர் மாதிரி போர் போடணும். மெஷின் போகாத ஓரமெல்லாம் அரிவாள்தான். ஜனவரிவரைக்கும் பதினோரு பேருக்கும் வேலை."

"தாமலே சாஹேப் சொன்னாரா?"

"இல்ல. நான் சொல்றேன்."

பார்வதி அரிவாளை இடுப்பில் செருகினாள். "கல்லை எடுக்குறதுக்கும் முழு நாள் கூலி," என்றாள். ஜான்சி சரியென்றாள். அன்றே பத்து மணிக்குப் பதினோரு பேரும் கூடையோடு இறங்கினார்கள். எடுக்க முடியாத பாறைகளுக்குப் பக்கத்தில் குச்சி நட்டுச் சிவப்புத் துணி கட்டினார்கள்.

சனிக்கிழமை காலை ஜான்சி பால் வண்டியில் ஏறி மார்க்கெட் யார்டுக்குப் போனாள். ஸ்லாஷர் டெம்போவில் ஏறித் தயாராக நின்றிருந்தது. "சாஹேப் மனசு மாத்திட்டாரு. கட்டர் பார் ஏத்துங்க," என்றாள். கடைக்காரர் போன் செய்து கேட்கப் போனார். "அவரு மீட்டிங்ல இருக்காரு. நான்தானே வந்து மூணையும் பாத்தேன்," என்று சொல்லும்போது அவள் குரல் அவளுக்கே அந்நியமாகக் கேட்டது. வாழ்க்கையில் இவ்வளவு துணிந்து அவள் பொய் சொன்னதில்லை. கட்டர் பார் ஏறியது. டெம்போ கிளம்பிய பிறகு பொதுத் தொலைபேசியிலிருந்து தாமலேயைக் கூப்பிட்டு நடந்ததை அப்படியே சொன்னாள்.

"சரி. எது நடந்தாலும் உன் பொறுப்பு," என்றார்.

திங்கட்கிழமை அறுப்பு தொடங்கியது. புல் ஒரு பக்கமாகச் சாய்ந்து பாய் விரித்த மாதிரி கிடந்தது. முதல் நாள் இரண்டே ஏக்கர். இரண்டு பிளேடு உடைந்தது. இரண்டாம் நாள் மூன்று. மூன்றாம் நாள் நாலரை. பார்வதி முன்னால் நடந்து துணி கட்டாத கல்லைக் காட்டினாள். மற்றவர்கள் பின்னால் புல்லைப் புரட்டினார்கள். ஜான்சி ட்ராக்டரோடு கூடவே நடந்தாள். கைக்கடிகாரத்தைப் பார்ப்பதும், ஏக்கரைப் பெருக்குவதும், கதிரைக் கீறுவதுமாக இருந்தாள். இந்த வேகத்தில் போனால் முடியாது. எப்படிக் கூட்டினாலும் முடியாது.

நேரம் அதிகம் போனது ட்ராக்டரைத் திரும்பக் கிளப்புவதில். பேட்டரி செத்துக்கொண்டிருந்தது. புல் சிக்கும் ஒவ்வொரு முறையும் காசிம் எஞ்சினை நிறுத்தி இறங்கிச் சுத்தம் செய்வார். பிறகு ஸ்டார்ட் ஆகாது. பெண்கள் எல்லோரும் சேர்ந்து தள்ள வேண்டும். பேட்டரி வாங்கி வர ஒருவர் புனேவுக்குப் போய் வர வேண்டும், அதற்கு ஒரு நாள் போகும் என்று ஜான்சி தள்ளிப்போட்டாள்.

ஐந்தாம் நாள் காலை, மூன்றாவது முறை தள்ளி முடித்தபோது, அவள் சொன்னாள்: "பாய், சும்மா சும்மா ஆஃப் பண்ணாதீங்க. ஒவ்வொரு வாட்டியும் அரை மணி போவுது."

காசிம் தலையை மட்டும் ஆட்டினார்.

பதினொரு மணி இருக்கும். கட்டர் பார் முனகி நின்றது. பழைய வேலியின் முள்கம்பித் துண்டு ஒன்று பல்லுக்குள் சுற்றிக்கொண்டிருந்தது. காசிம் எஞ்சினை ஓடவிட்டபடியே இறங்கினார். பிளேடு நின்றிருந்தாலும் அதை இழுக்கும் பெல்ட் முறுக்கேறி நின்றது. அவர் குனிந்து கம்பியை ஆட்டி ஆட்டி இழுத்தார். கம்பி விடுபட்டது. அந்தக் கணமே பிளேடு ஓடியது.

அவர் கத்தவில்லை. இடது கையை மார்போடு அழுத்திக்கொண்டு இரண்டு அடி பின்னால் வந்து புல்லின் மேல் உட்கார்ந்தார். ஜான்சி பார்த்தபோது சட்டை முழுக்கச் சிவப்பாக இருந்தது. பார்வதிதான் முதலில் ஓடி வந்தாள். தலைத்துணியைக் கிழித்து மணிக்கட்டுக்கு மேல் இறுக்கிக் கட்டினாள். ஜான்சி ட்ராக்டரில் ஏறி எஞ்சினை நிறுத்தினாள். அதைத் தவிர அப்போது அவளுக்கு என்ன செய்வதென்று தெரியவில்லை.

பால் வண்டியில் தளேகாவ் ஆஸ்பத்திரிக்குப் போனார்கள். வழியெல்லாம் காசிம் கண்ணை மூடிக்கொண்டிருந்தார். "பாய், பாய்," என்று அவள் கூப்பிட்டுக்கொண்டே வந்தாள். ஒரு முறை கண்ணைத் திறந்து, "இருக்கேம்மா, சும்மா கூப்பிடாத," என்றார். மோதிர விரலும் நடுவிரலும் முதல் கணுவோடு போயிருந்தன. தையல் போட்டு, கையைப் பெரிய பொட்டலமாகக் கட்டி அனுப்பினார்கள்.

தாமலே வந்தார். ஆஸ்பத்திரிச் செலவை அவரே பார்த்துக்கொண்டார். வராந்தாவில் ஜான்சியிடம், "ஸ்லாஷர்ல கையை விட வேண்டிய அவசியமே வந்திருக்காது," என்றார். திட்டவில்லை. திட்டியிருந்தால் தேவலை என்றிருந்தது அவளுக்கு. "என்ன பண்ணப் போறே? நிறுத்திடலாமா?"

"மொதல்ல பேட்டரி மாத்துறேன் சாஹேப்," என்றாள்.

மறுநாள் புது பேட்டரி வந்தது. ஓட்ட ஆளில்லை. பண்ணை முற்றத்தில் ட்ரெய்லரை முன்னும் பின்னும் நகர்த்திய பழக்கம் அவளுக்கு உண்டு. அவ்வளவுதான். அவளே ஏறினாள். கிளம்பும் முன் பதினோரு பேரையும் கூப்பிட்டு நிறுத்தினாள். "மெஷின் நின்னா எஞ்சின் ஆஃப். சாவி என் கைக்கு வந்த பொறகுதான் யாரா இருந்தாலும் கிட்ட வரணும். நானா இருந்தாலும்." ஐந்து நாள் முன்னால் சொல்லியிருக்க வேண்டியது.

முதல் சுற்றிலேயே வரப்பில் இடித்தாள். இரண்டாம் சுற்றில் பார்வதி கையைத் தூக்கியதைக் கவனிக்காமல் கல்லில் ஏற்றி மூன்று பிளேடைப் போக்கினாள். இறங்கி, நிறுத்தி, சாவியை இடுப்பில் செருகி, ஆபீஸிலிருந்து எடுத்து வந்த சுத்தியலால் ரிவெட் அடித்துப் புதுப் பிளேடு பொருத்தினாள். சாயங்காலம் இறங்கி டயரில் சாய்ந்து உட்கார்ந்தாள். அன்று இரண்டு ஏக்கர். நான்காம் நாள் நாலு. பிறகு ஐந்துக்குக் குறையவில்லை.

அக்டோபர் இருபத்தொன்றாம் தேதி ஒரு கதிரைக் கீறினாள். பால் இல்லை. உள்ளே விதை கெட்டியாக, முனையில் பழுப்பாக இருந்தது. அன்றுவரை நாற்பத்தாறு ஏக்கர் அறுத்து, காய்ந்து, போரில் ஏறிக்கொண்டிருந்தது. மீதி பதினான்கு ஏக்கர் குன்றுச் சரிவு. உண்ணிச்செடியும் முள்ளும் மண்டிக் கிடந்தது. இனி தீவனத்துக்கு உதவாது. விட்டுவைத்தால் கோடையில் தீப்பிடிக்கும்.

அவள் தாமலேவுக்குப் போன் செய்தாள். "சாஹேப், ஒரு ஸ்லாஷர் வாடகைக்கு வேணும். ரெண்டு நாளைக்கு. அவங்க டிரைவரோட."

அவர் சிரித்தார். "நான் அன்னைக்கே சொன்னேன்."

"ஆமா சாஹேப். அந்தச் சரிவுக்கு அதுதான் சரி."

ஸ்லாஷர் வந்த இரண்டு நாளும் பெண்கள் யாரையும் அந்தப் பக்கமே விடவில்லை. பண்ணையின் மறுகோடியில் போர் போட அனுப்பினாள். மணிக்கொரு தரம் போய் அவர்கள் அங்கேயே இருக்கிறார்களா என்று பார்த்து வந்தாள். நான்காவது முறை போனபோது பார்வதி, "நாங்க என்ன கோழிக்குஞ்சா மேடம்?" என்றாள்.

அடுத்த ஞாயிறு ஜான்சி தேஹு ரோட்டில் காசிம் வீட்டுக்குப் போனாள். ஒரு பை நிறைய ஆரஞ்சு வாங்கிக்கொண்டு வாசலிலேயே நின்றாள். காசிமின் மனைவி கதவைத் திறந்து, முகம் கொடுக்காமல் உள்ளே கூப்பிட்டார். காசிம் கட்டிலில் உட்கார்ந்திருந்தார். கட்டு சிறிதாகியிருந்தது.

"எத்தன பிளேடு ஒடச்சே?" என்று கேட்டார்.

"பதினெட்டு."

"நான் இருந்தா பத்தோட முடிச்சிருப்பேன்."

உள்ளே பாத்திரம் உருளும் சத்தம் கேட்டது.

"பாய், ஆஃப் பண்ணாதீங்கன்னு சொன்னது நான்தான்."

"ஆமா. சொன்னே."

அவள் தலையைக் குனிந்துகொண்டாள். மறுத்துச் சொல்வார் என்று எதிர்பார்த்து வரவில்லை. ஆனாலும் அந்த ஒரு சொல் நேராக வந்து விழுந்தது.

காசிம் கட்டுப்போட்ட கையை மடியில் வைத்துப் பார்த்தார். "உக்காந்து உக்காந்து யோசிச்சேன். அந்த ஸ்லாஷர வாங்கியிருந்தா கல்லு அந்தப் பொம்பளைங்கள்ல எவ கண்ணுலயாவது பட்டிருக்கும். அதுக்கு இது பரவால்லன்னு சொல்லணும்னு தோணுது. வாய் வர மாட்டேங்குது. போனது என் வெரலாச்சே."

"சொல்ல வேணாம் பாய்."

"நான் அந்த மெஷினுக்குத் திரும்ப வரல ஜான்சிம்மா. பால் வண்டி ஓட்டுறேன்னு சாஹேப் கிட்ட கேட்டேன். சரின்னுட்டாரு."

அவள் தலையாட்டினாள். கை புடவைத் தலைப்பை முறுக்கிக்கொண்டேயிருந்தது. நகக்கண்ணெல்லாம் கிரீஸ் கறுப்பு. தேய்த்தும் போகவில்லை.

"அடுத்த வருசம் யாரு ஓட்டுறது?" என்றார்.

"நான்தான்."

அவர் ஆச்சரியப்பட்ட மாதிரி தெரியவில்லை. "பிளேட ஓட வைக்கிற பி.டி.ஓ. லீவரு ஸ்பிரிங் லூசா இருக்கு. தானா விழும். எனக்குத் தெரியும், யார்கிட்டயும் சொல்லல. நாளைக்கே மாத்திடு."

ஜான்சி எழுந்துவிட்டாள். கடை இன்றைக்குத் திறந்திருக்குமா என்று கடிகாரத்தைப் பார்த்தாள்.

"ஞாயித்துக்கெழமை. எந்தக் கடையும் இல்ல," என்றார் காசிம். "உக்காரு. டீ வருது."

காசிமின் மனைவி இரண்டு கப்போடு வந்து நின்றார். ஒன்றை ஜான்சியிடம் நீட்டி, கதவுப் பக்கம் கிடந்த நாற்காலியைக் காலால் அவள் பக்கம் தள்ளினார். ஜான்சி அதன் நுனியில் உட்கார்ந்து, சூடு பார்க்காமல் டீயைக் குடித்தாள்.